இரு ஊருக்கும் நடுவே ஒரு தீவு

கோடை விடுமுறைக்கு மதுரை சென்று திரும்பிய அண்டை வீட்டுச் சிறுமி ஒருத்தி, சென்ற வாரம் என்னிடம் ஒரு முறையீட்டுடன் வந்தாள். அங்கே பாட்டி ஏதோ சொல்ல, இவள் “மனசிலாச்சு” என்றாளாம். மாமன் மக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். இங்கே மட்டாஞ்சேரிப் பள்ளியிலோ அவளுக்குப் “பாண்டி” என்று பெயர். “மாமா, அங்கேயும் சிரிக்கிறார்கள், இங்கேயும் சிரிக்கிறார்கள். நான் எந்த ஊர்ப் பெண்?” என்று கேட்டாள். உடனே விடை சொல்ல எனக்கு நா எழவில்லை. இம்மாதம் ஒரு மலையாள நாவலைப் பற்றி எழுத நேர்ந்தது அவள் கேள்வியால்தான்.

எறணாகுளத்தில் பிறந்த என். எஸ். மாதவன் 2003-ஆம் ஆண்டு வெளியிட்ட “லந்தன்பத்தேரியிலெ லுத்தினியகள்” என்பது அந்நூல். லந்தன் என்றால் ஹாலந்துக்காரர். பத்தேரி என்றால் பீரங்கி மேடை. லுத்தினியா என்பது மாதா கோயிலில் சொல்லும் மன்றாட்டு மாலை. 1663-இல் டச்சுக்காரர் போர்ச்சுக்கீசியரிடமிருந்து கொச்சியைக் கைப்பற்றிய வரலாற்றை நினைவூட்டும் பெயருடைய ஒரு கற்பனைத் தீவே கதைக்களம். நம் காயலுக்குள்தான் அத்தீவை ஆசிரியர் மிதக்க விட்டிருக்கிறார். 1951-இல் பிறந்த ஜெசிக்கா என்னும் தச்சன் மகள் தன் கதையைத் தானே சொல்கிறாள். சரித்திரம், அரசியல், கணிதம், பிரியாணிப் பக்குவம், ஹிந்தி சினிமாப் பாட்டு ஆகிய எல்லாம் அவள் கதையில் ஒன்றாகக் கொதிக்கின்றன. இதனை எந்த வகை நாவல் என்பது? எனக்குத் தெரிந்த வகை எதிலும் இது அடங்கவில்லை.

தமிழர்களாகிய நாம் இதில் கவனிக்க வேண்டியது சவிட்டுநாடகம். சவிட்டு என்றால் மிதித்தல். மேடைப் பலகை அதிர மிதித்து ஆடிப் பாடும் இக்கூத்து, இக்கடற்கரையின் லத்தீன் கத்தோலிக்கருக்கு உரியது. பிரெஞ்சு நாட்டின் பழைய மன்னன் சார்லமேன் இதில் “காறல்மான்” ஆகிவிடுகிறான். அவன் பாடும் மொழி எது தெரியுமா? தமிழும் மலையாளமும் பிணைந்த ஒரு மொழி! காறல்மான் நாடகத்தை ஆக்கியவர் சின்னத்தம்பி அண்ணாவி என்பது மரபு. “அண்ணாவி” என்ற சொல்லை நெல்லைச் சீமையிலும் யாழ்ப்பாணத்திலும் கூத்து பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

போர்ச்சுக்கீசியப் பெயர், மலையாளப் பேச்சு, தமிழ் கலந்த பாட்டு என்று வாழும் அத்தீவினர் தங்களை அரைகுறை என்று எண்ணுவதில்லை. பலகை உடையும்படி மிதித்துப் பாடுகிறார்கள். கலப்புத் தமிழ் ஒரு நோய் என்று நம் சங்கக் கூட்டத்தில் நானே முழங்கியிருக்கிறேன். அன்று கைதட்டியவர்கள் பொறுத்தருள்க.

நிற்க. நூலில் குறையில்லாமல் இல்லை. பாத்திரங்கள் மிகுதி, பெயர்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டே நான் படித்தேன். கணிதம் வரும் இடங்களில் கதை சற்றே தரைதட்டி நிற்கிறது. முடிவு மனத்தைக் கலக்குவது. அதை இங்கே சொல்வதற்கில்லை. பெரியவர்கள் படிப்பதற்கு உரிய நூல். ராஜேஷ் ராஜமோகன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2010-இல் வந்துள்ளது.

சிறுமிக்கு நாவலைக் கொடுக்கவில்லை. மலையாள எழுத்தில் அச்சான சவிட்டுநாடகப் பாட்டுகள் சிலவற்றைக் கொடுத்தேன். மலையாள எழுத்தில் நான் தட்டுத் தடுமாறுவேன். அவளோ தண்ணீர்பட்ட பாடாக வாசிக்கிறாள். ஆயினும் பழைய தமிழ்ச் சொல் ஒன்று குறுக்கிட்டால் நின்று என் முகத்தைப் பார்க்கிறாள். நான் பொருள் சொல்கிறேன். மூன்று மாலைகளாக இவ்வாறு நடக்கிறது. நேற்று ஒரு சொல்லை விளக்கிவிட்டு, என்னையும் அறியாமல் “மனசிலாச்சா?” என்று கேட்டுவிட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் அவள் அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார்.