நீர்க்கடுப்பும் கேட்கப்படாத கேள்வியும்

சிறுநீர் போகும்போது எரிகிறது என்றால் நம் வீடுகளில் முதலில் வருவது இளநீர். அடுத்து மோர், ஊறவைத்த வெந்தயம், நன்னாரி சர்பத். உடம்பில் சூடு ஏறிவிட்டது என்று தீர்ப்பும் வந்துவிடும். இரண்டு நாளில் அடங்காவிட்டால் தெருமுனை மருந்துக்கடையில் நாலு மாத்திரை. அதற்கும் அடங்காதபோதுதான் டாக்டர். அங்கே ‘எத்தனை நாளாக?’ என்ற கேள்வி வருகிறது, ‘காய்ச்சல் இருக்கிறதா?’ என்ற கேள்வியும் வருகிறது. ‘உடலுறவுக்குப் பிறகு தொடங்கியதா?’ என்ற கேள்விதான் பெரும்பாலும் வருவதில்லை. கேட்காததால் வந்தவரும் சொல்வதில்லை. எந்தப் பரிசோதனை, எந்த மருந்து, யாருக்கெல்லாம் சிகிச்சை என்பதைத் தீர்மானிக்கும் கேள்வி அது. அதைச் சங்கோஜத்தின் பேரில் விட்டுவிடுவது மருத்துவப் பிழை என்றே நான் கருதுகிறேன்.

உடலுறவுக்குப் பின் எரிச்சல் வருவதற்குப் பல நேரங்களில் சாதாரணக் காரணமே இருக்கும். பெண்களின் சிறுநீர் வடிகுழாய் சுமார் 4 சென்டிமீட்டர்தான். ஆண்களுக்கு அது ஏறக்குறைய 20. குடலில் குடியிருக்கும் ஈ.கோலை பாக்டீரியா உறவின்போது வடிகுழாய்க்குள் தள்ளப்பட்டு, அந்தக் குறுகிய தூரத்தைக் கடந்து சிறுநீர்ப்பையை அடைந்துவிடுகிறது. புதிதாகக் கல்யாணமான பெண்களுக்கு இந்தத் தொல்லை அதிகம் வருவதற்கு இதுவே காரணம். இதில் அசுத்தமும் இல்லை, யாருடைய ஒழுக்கக்கேடும் இல்லை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜென் குறைவதால் வரும் வறட்சியும், வாசனை சோப்பும்கூடக் கிருமியே இல்லாமல் எரிச்சலைத் தரும். கிருமித் தொற்று என்றால் சிறுநீர்ப் பரிசோதனையும், சரியான ஆன்டிபயாடிக் சில நாட்களும் போதும்.

ஆனால் உடலுறவால் பரவும் பால்வினை நோய்களான கொனோரியாவும் கிளமிடியாவும் இதே எரிச்சலாகத்தான் வெளிப்படுகின்றன. கொனோரியா ஆண்களுக்குப் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் சீழ் வடிதலோடு தெரிந்துவிடும். கிளமிடியா ஒன்று முதல் மூன்று வாரம் கழித்து மெதுவாகத் தலைகாட்டும். பெண்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே இருக்காது. அக்கிப் புண் பிறப்புறுப்பில் வந்திருந்தால் சிறுநீர் அதில் படும்போது எரியும். லேபில் வழக்கமாகச் செய்யும் சிறுநீர்க் கல்ச்சரில் கிளமிடியா வளராது. சீழணுக்கள் இருக்கின்றன, கிருமி வளரவில்லை என்று ரிப்போர்ட் வரும். ‘இன்ஃபெக்‌ஷன் இல்லையாம்’ என்று வீட்டுக்குப் போகிறவர், கிருமியின் மரபணுவைக் கண்டறியும் வேறு பரிசோதனை தனக்குத் தேவைப்பட்டது என்று அறியவே மாட்டார். தொற்று கருப்பைக்கும் கருக்குழாய்க்கும் ஏறினால் பிள்ளைப்பேறு தடைபடலாம், கரு குழாயிலேயே தங்கலாம். கிளமிடியா, கொனோரியா, சிபிலிஸ், டிரைக்கோமோனியாசிஸ் ஆகிய நான்கு பால்வினை நோய்களும் குணப்படுத்தக்கூடியவை. 2020-ல் மட்டும் உலகில் 15 முதல் 49 வயதுள்ளவர்களிடம் இவை நான்கும் சேர்ந்து 37.4 கோடி புதிய தொற்றுகளை உண்டாக்கியதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது.

பத்தில் பெரும்பகுதி சாதாரணத் தொற்றுதானே, ஏன் பயமுறுத்த வேண்டும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. எரிச்சல் வந்த எல்லோருக்கும் பால்வினை நோய்ப் பரிசோதனை வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. யாருக்கு வேண்டும் என்று பிரித்தறியத்தான் அந்தக் கேள்வி. இளநீரையும் நான் பழிக்கவில்லை. அடிக்கடி தொற்று வரும் பெண்கள் தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகத் தண்ணீர் குடித்தபோது அது திரும்ப வருவது பாதியாகக் குறைந்ததை 2018-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தண்ணீர் தடுக்கும், கொனோரியாவைக் குணமாக்காது. சீட்டில்லாமல் வாங்கும் சிப்ரோஃப்ளாக்சசினும் பெரும்பாலும் குணமாக்காது, அந்தக் கிருமி அதற்கு எப்போதோ பழகிவிட்டது. அரைகுறையாக விழுங்கிய மாத்திரை அடுத்து எடுக்கும் கல்ச்சரையும் கெடுத்துவிடும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: கல்யாணமான பெண்ணிடம் இப்படிக் கேட்டால் குடும்பத்தில் சந்தேகம் கிளம்பாதா? கிளம்பலாம். மாமியாரோ கணவரோ பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் நிச்சயம் கிளம்பும். அதனால் தனியாக வைத்துக் கேட்க வேண்டும், கேட்காமல் விடக்கூடாது. கிளமிடியா மாதக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கக்கூடியது. யாரிடமிருந்து யாருக்கு, எப்போது என்று ஒரு ரிப்போர்ட்டை வைத்துச் சொல்லிவிட முடியாது என்பதை டாக்டரே விளக்க வேண்டும். கேள்வியைத் தவிர்த்தால் குடும்ப மானம் காப்பாற்றப்படுவதாக எண்ணுகிறோம்; நடப்பது என்னவென்றால், மனைவி மட்டும் மருந்து சாப்பிட்டு கணவரிடமிருந்தே மறுபடி தொற்றிக்கொள்கிறார்.

எரிச்சல் ஓரிரு நாளில் தணியாவிட்டால் டாக்டரைப் பாருங்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாப்புற வலி, வாந்தி, சிறுநீரில் ரத்தம் இருந்தால் அன்றே போக வேண்டும். கர்ப்பிணிகளும் காத்திருக்கக் கூடாது. ஆண்களுக்கு எரிச்சல் வந்தால் அதைச் சூடு என்று ஒதுக்கவே கூடாது. புதிய துணையோடு உறவு, ஆணுறை இல்லாத உறவு, சீழ், புண், வழக்கத்துக்கு மாறான வெள்ளைப்படுதல், துணைக்கும் இதே தொல்லை: இவற்றில் ஒன்று இருந்தாலும் பால்வினை நோய்ப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். அதற்கு வெட்கப்பட்டுத் தனியாரைத் தேடி அலைய வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் சுகவாழ்வு மையம் என்ற பலகையோடு இதற்கான பிரிவுகள் இருக்கின்றன. மருந்து இலவசம், துணைக்கும் சேர்த்தே தருவார்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1097 என்ற இலவச எண்ணை அழைத்துக் கேட்கலாம்.