கசப்பும் கணக்கும்

பீரைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் சங்கத்து நண்பர் ஒருவர், "உங்களுக்கு எதுக்கு சார் இந்த வேலை? வழக்கம் போல ரயிலைப் பத்தி எழுதுங்களேன்" என்றார். ரயிலும் இதில் வருகிறது. அன்பர்கள் சற்றுப் பொறுமையாகப் படிக்க வேண்டும். குடியை ஆதரித்து எழுதுகிறான் என்று முதல் பத்தியிலேயே முடிவு கட்டிவிட வேண்டாம்.

அறுபத்தாறு வயது வரை நான் ஒரு துளி தொட்டதில்லை. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, காரணம் பயம்தான். என் சித்தப்பா ஒருவர் சாராயத்தில் வீட்டை அழித்தார். சித்தியின் தாலிச் செயின் அடகுக் கடைக்குப் போனதையும், மீட்க முடியாமல் மூழ்கியதையும் பத்து வயதில் பார்த்தவன் நான். அவர் வீட்டில் உட்கார்ந்து குடித்ததே கிடையாது. கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் போய், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு, வெற்றிலையை மென்றுகொண்டு வருவார். அவருக்கு அதன் ருசி என்ன என்று தெரிந்திருக்கவே நியாயமில்லை.

இந்தப் பயத்தோடுதான் மூன்று வருடங்களுக்கு முன் பெங்களூரில் மகன் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்தேன். தயிருக்குப் பக்கத்தில் இரண்டு பழுப்புப் பாட்டில்கள் இருந்தன. நான் கத்தவில்லை. அன்று இரவே ஐலண்ட் எக்ஸ்பிரஸைப் பிடித்துத் திருவனந்தபுரம் வந்து சேர்ந்தேன். அதற்குப் பிறகு எட்டு மாதம் அவனோடு பேசவில்லை. தொலைபேசி மணி அடித்தால் மனைவி எடுப்பாள், "அப்பா எப்படி இருக்கார்?" என்று அவன் கேட்பது எனக்கே கேட்கும், நான் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருப்பேன். நம் வீடுகளில் இது எத்தனை இடத்தில் நடந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். பிள்ளைகள் பெங்களூரிலோ டொராண்டோவிலோ இருக்கிறார்கள். நாம் கேட்பதில்லை, அவர்கள் சொல்வதில்லை.

போன வருடம் பேத்தியின் பிறந்த நாளுக்குப் போனபோது அவனே ஆரம்பித்தான். "அப்பா, நீங்க குடிக்க வேண்டாம். காய்ச்சற இடத்தை மட்டும் வந்து பாருங்க. உங்களுக்குப் பிடிக்கும்" என்றான். டிப்ளமோ படித்தவனை எங்கே தட்டினால் கதவு திறக்கும் என்பது அவனுக்குத் தெரியும். 2009-ல் புனேயில் டூலாலி, 2010-ல் பெங்களூர் இந்திராநகரில் டோய்ட் என்று ஆரம்பித்த வரிசையில் இன்று அந்த நகரத்தில் இப்படிப்பட்ட கடைகள் ஏராளம். பெரிய ஆலையில் காய்ச்சிப் பாட்டிலில் அடைக்காமல், அங்கேயே சிறு அளவில் காய்ச்சி அங்கேயே ஊற்றித் தருகிறார்கள். கிராஃப்ட் பீர் என்று பெயர்.

கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் துருப்பிடிக்காத எஃகுக் கலங்கள், குழாய்கள், வால்வுகள், அழுத்தமானிகள். உண்மையைச் சொல்கிறேன், ஒரு லோகோ ஷெட்டுக்குள் நுழைந்த மாதிரி மனம் குளிர்ந்தது. காய்ச்சுகிற பையன் பொறுமையாக விளக்கினான். பார்லியை ஊறவைத்து முளைகட்டிக் காயவைக்கிறார்கள், நாம் கேழ்வரகுக்குச் செய்வது போலத்தான். அதை உடைத்து வெந்நீரில் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகிறது. வடித்த இனிப்புக் கஷாயத்தை ஒரு மணி நேரம் போல் கொதிக்கவிடும்போது ஹாப்ஸ் என்ற பூவைச் சேர்க்கிறார்கள். பிறகு ஆறவைத்து ஈஸ்ட் போட்டுப் புளிக்கவிடுகிறார்கள்.

அந்த ஹாப்ஸ்தான் விஷயம். அது ஒரு கொடி, குளிர்நாட்டுப் பயிர். நம் நாட்டில் இமாசலத்தின் லாகூல் பள்ளத்தாக்கில் பயிரிட்டிருக்கிறார்கள். பெண் பூவின் இதழ்களுக்கு அடியில் மஞ்சள் பொடி ஒன்று இருக்கிறது. கசப்பும் மணமும் அதில்தான். கொதிக்கும்போது முதலிலேயே போட்டால் கசப்பு இறங்கும், மணம் ஆவியாகிவிடும். கடைசியில் போட்டால் மணம் நிற்கும். ரசத்தை இறக்கிய பிறகு கொத்தமல்லி கிள்ளிப் போடுகிறோமே, அதே சூத்திரம். காய்ந்த ஹாப்ஸை அரைத்துக் கோழித்தீவனம் போல் குச்சி குச்சியாக்கி வைத்திருந்தார்கள். அந்தப் பையன் நாலைந்தை என் உள்ளங்கையில் போட்டு, "தேய்ச்சு மோந்து பாருங்க அங்கிள்" என்றான்.

தேய்த்து முகர்ந்தேன். வேப்பிலைக்கட்டி!

என் மனைவி பாலக்காட்டுக்காரி. நாரத்தை இலையையும் எலுமிச்சை இலையையும் நரம்பு எடுத்து, மிளகாயும் ஓமமும் உப்பும் சேர்த்து இடித்து, பெயரில் மட்டும் வேப்பிலை உள்ள அந்தப் பொடியை நாற்பது வருடமாக எனக்குத் தயிர்ச்சாதத்துக்குப் போட்டு வருகிறாள். அந்த இலையைக் கசக்கும்போது வருகிற மணத்துக்கும் என் கையில் இருந்ததற்கும் அப்படியோர் உறவு. நாம் ஏதோ அந்நியம் என்று நினைத்தது அடுக்களையில் இருந்து எழுந்து வந்த மாதிரி இருந்தது. அந்த ஒரு நிமிடத்தில்தான், "கொஞ்சம் கொடு, பார்க்கிறேன்" என்று மகனிடம் சொன்னேன். அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

முதல் வாய் மோசம். பாகற்காய் அரை வேக்காட்டில் தின்றது போல நாக்கின் அடியில் ஒரு பிடி பிடித்தது. இரண்டாவது வாயில் நாரத்தை மணம். மூன்றாவதில் அடியில் ஒளிந்திருந்த இனிப்பு தெரிந்தது. சுண்டைக்காய் வற்றலும் வேப்பம்பூ ரசமும் சிறு வயதில் எப்படிப் பழகினவோ அப்படித்தான். கசப்பு என்பது பழகிப் பெறுகிற ருசி. அவசரக்காரனுக்கு அது கிடைக்காது. பாதிக் கோப்பைக்கு எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. மீதியை அப்படியே வைத்துவிட்டேன். அந்த முக்கால் மணி நேரமும் நானும் அவனும் பேசிக்கொண்டிருந்தோம். எட்டு மாதத்துக் கணக்கு.

அந்த பீரின் பெயர் இந்தியா பேல் ஏல். நம் நாட்டின் பெயர் அதில் எப்படி வந்தது என்று பிறகு படித்தேன். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் போ என்ற இடத்து ஹாட்ஜ்ஸன் காய்ச்சகத்து பீரைக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் அதிகாரிகள் வாங்கி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கில் பயணித்து இந்தியத் துறைமுகங்களில் விற்றார்கள். கப்பல் பூமத்திய ரேகையை இரு முறை கடக்க வேண்டும். அந்தச் சூட்டில் பீர் புளித்துப் போகாமல் காத்தது ஹாப்ஸ். பீரைப் புளிக்கச் செய்யும் சில பாக்டீரியாக்களை அது வளரவிடாது. ஹாட்ஜ்ஸன் இதைப் புதிதாகக் கண்டுபிடித்தார் என்று சொல்வது மிகை. வெப்ப நாடுகளுக்கு அனுப்பும் பீரில் ஹாப்ஸ் கூடுதலாகப் போடும் வழக்கம் அவருக்கு முன்பே இருந்தது. 1820-களில் பர்ட்டன் ஊர்க்காரர்கள் இந்த வியாபாரத்தில் இறங்கினார்கள். 1839-ல் பர்ட்டனுக்கு ரயில் வந்தது.

இனி நான் வாக்களித்த ரயில். பர்ட்டன் பீர்ப் பீப்பாய்கள் லண்டனுக்கு வந்து குவிந்ததால், செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்தைக் கட்டிய பொறியாளர் பார்லோ, மேடைக்குக் கீழே பீப்பாய் வைக்கும் கிடங்கை அமைத்தார். தூணுக்குத் தூண் 14 அடி 8 அங்குலம். அந்த அளவு எங்கிருந்து வந்தது? பீப்பாயின் நீளத்தில் இருந்து! 1868-ல் திறந்த அந்த நிலையத்தின் அடித்தளத்தில் இப்போது கடைகளும் பயணிகள் கூடமும் இருக்கின்றன. தூண்கள் பீப்பாய்க் கணக்கிலேயே நிற்கின்றன. வேலையில் இருந்த காலத்தில் இது தெரியாமல் போயிற்றே என்று வருத்தம்.

இதையெல்லாம் ரசித்துவிட்டு, மேஜையில் இருந்த காகிதத் துணியில் ஒரு கணக்குப் போட்டேன். "பீர்தானேப்பா, ஒண்ணும் பண்ணாது" என்று மகன் சொன்ன வாய்க்குப் பதில் அது. 330 மில்லி கோப்பை, சாராயச் சத்து 6.5 சதவீதம்: சுத்த ஆல்கஹால் சுமார் 21 மில்லி. பிராந்தி 42.8 சதவீதம், 50 மில்லி பிராந்தியில் இருப்பதும் அதே 21 மில்லிதான். ஆக அந்த நாரத்தை மணத்துக்குள் ஒரு சிறிய பிராந்தி ஒளிந்திருக்கிறது. கடையில் விற்கும் 650 மில்லி பாட்டில், 8 சதவீத ஸ்ட்ராங் பீர் என்றால் 52 மில்லி. 120 மில்லி பிராந்திக்குச் சமம். மகன் காகிதத்தை இரண்டு முறை பார்த்தான். மாதம் லட்சக்கணக்கில் சம்பளம் வாங்கும் மென்பொருள்காரன், இந்தப் பெருக்கலை ஒரு நாளும் போட்டுப் பார்த்ததில்லை.

எனக்கு இதில் உறுதியான அபிப்பிராயம் உண்டு. "பீர்தானே" என்று பிள்ளைகள் சொல்வது தவறு. "எல்லாம் சாராயம்தான், பேசாதே" என்று நாம் எழுந்து போவதும் அதே அளவுக்குத் தவறு. இரண்டு பேருமே கணக்குப் பார்ப்பதில்லை. ஆரோக்கியத்துக்குப் பாதகமில்லாத அளவு என்று மதுவில் எதுவும் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மகன் எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒரு தரம், எதற்காக என்பதை என்னிடம் சொல்ல வேண்டுமானால், நான் அந்த மேஜையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அரசாங்கமும் நம்மைப் போலத்தான். கேரளத்தில் 1996-ல் சாராயத்தைத் தடை செய்தார்கள். 2014-ல் ஐந்து நட்சத்திர ஹோட்டல் அல்லாத பார்களை மூட முடிவெடுத்து, பலவற்றைப் பீர்–ஒயின் பார்லர் ஆக்கினார்கள். 2017-ல் திரும்பத் திறந்தார்கள். குடிக்கும் வயதை 21-ல் இருந்து 23 ஆக்கினார்கள். 2018-ல் புதிய பீர் ஆலைகளுக்குக் கொடுத்த அனுமதியை எதிர்ப்பு வந்ததும் அதே வருடம் ரத்து செய்தார்கள். கதவைத் திறப்பதா மூடுவதா என்பதே எப்போதும் பேச்சு. கதவுக்குள் என்ன குடிக்கிறான், எப்படிக் குடிக்கிறான் என்பது பேச்சிலேயே இல்லை. நம் ஊர்க் கடை வரிசையில் நிற்பவர்களைக் கவனியுங்கள். வாங்கியதைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு சந்துக்குள் போகிறவர்கள் இருக்கிறார்கள். கொல்லைச் சுவருக்குப் பின்னால் போன என் சித்தப்பாதான் அது. ஸ்ட்ராங் பீர் இந்த நாட்டில் இவ்வளவு விற்பதற்கும் காரணம் இதுவே என்பேன்: காசுக்கு எவ்வளவு ஏறும் என்பது மட்டுமே கேள்வி. கசப்பைக் குறைத்து, சத்தைக் கூட்டி, நாக்கே மரத்துப் போகும்படி ஜில்லென்று கொடுத்தால் போதும்.

வரி விதிப்பதும் விலை வைப்பதும் பாட்டிலில் உள்ள சுத்த ஆல்கஹாலின் அளவைப் பொறுத்து இருக்கட்டும். அந்த மில்லிக் கணக்கைப் பாட்டிலின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சடிக்கட்டும். பொடி எழுத்தில் சதவீதம் போட்டால் வரிசையில் நிற்பவன் எங்கே பெருக்கப் போகிறான்?

நான் இனிமேல் குடிக்கப் போவதில்லை. சர்க்கரை வியாதிக்கு மாத்திரை சாப்பிடுகிறவன். அந்தப் பாதிக் கோப்பையே டாக்டருக்குத் தெரிந்தால் திட்டுவார். மகன் இப்போது மாதத்துக்கு இரண்டு என்கிறான். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது நானே கேட்கிறேன், அவனே சொல்கிறான். மூன்று என்று ஒரு மாதம் சொன்னான். அது பொய்யில்லை என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ருசி எப்படி இருந்தது?" என்றாள். உன் வேப்பிலைக்கட்டி மாதிரி இருந்தது என்றேன். அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் எனக்குத் தயிர்ச்சாதத்துக்கு மாவடுதான்.