உதைக்கும் கால்களின் பரம்பரை

பெங்களூரில் ஆடுகோடிக்குப் பக்கத்திலேயே, ஓசூர் சாலையில் நிமான்ஸ் இருக்கிறது. நரம்பியலுக்குப் பேர்போன மருத்துவமனை. ஆனால், தூக்கத்தில் கால் வெட்டி வெட்டி இழுக்கிறது என்று மருத்துவரிடம் போகிறவர்கள் எத்தனை பேர்? “அவங்க அப்பாவும் இப்படித்தான் உதைப்பார்” என்று வீட்டிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தப் பேச்சில் உண்மை இருக்கிறது. 2007இல் ஐஸ்லாந்து மக்களிடம் நடந்த ஆய்வு, உறக்கத்தில் சில பத்து நொடிகளுக்கு ஒருமுறை கால் துடிக்கும் இந்தக் கோளாறை பி.டி.பி.டி.9 என்ற மரபணுவின் ஒரு மாறுபாட்டோடு இணைத்துக் காட்டியது. அந்த மாறுபாட்டின் ஒவ்வொரு பிரதிக்கும் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 13 சதவீதம் குறைந்திருந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இரண்டாவது செய்திதான். மரபணுவை மாற்ற முடியாது. இரும்புச்சத்தைக் கூட்ட முடியும். நம் நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் ஃபெரிட்டின் குறைந்திருக்கலாம். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் அது தெரியாது. மாலையானால் கால் குடைகிறது, படுத்தால் நிலைகொள்ளவில்லை, இரவெல்லாம் உதைக்கிறார் என்று வருகிறவரிடம் மருத்துவர்கள் சத்து மாத்திரையோ தூக்க மாத்திரையோ எழுதித் தந்து அனுப்பக் கூடாது. பெற்றோருக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் இது உண்டா என்று கேட்க வேண்டும், ஃபெரிட்டினையும் பார்க்க வேண்டும். இரும்பு மாத்திரையை நாமாகவே வாங்கி விழுங்குவதும் தவறு. அளவு மிஞ்சினால் அது ஈரலைக் கெடுக்கும்.