பூஜப்புரைச் சிறையில் அஹிம்சைப் பயிற்சி

அஹிம்சையை மகான்களின் பிறவிக்குணமென்று போற்றி, வணங்கி, ஒதுக்கிவைத்துவிடும் வழக்கம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. திருவிதாங்கூரின் சரித்திரமோ வேறு விதமாகச் சொல்கிறது. 1924 மார்ச் 30 அன்று தொடங்கிய வைக்கம் சத்தியாக்கிரகத்தில், நாள்தோறும் ஆசிரமத்திலிருந்து புறப்பட்டுத் கோயில் வீதித் தடைப்பலகைவரை சென்ற சாமானியத் தொண்டர்கள், வெள்ளம் பெருகி இடுப்பளவு நீர் ஏறியபோதும், எதிரிகள் கண்ணில் சுண்ணாம்பைத் திணித்தபோதும் கை ஓங்காமல் நின்றது, இடைவிடாத அப்பியாசத்தின் பலனேயாகும். அப்போராட்டத்திற்காகப் பெரியார் ஈ.வெ.ரா. கடுங்காவல் அனுபவித்தது திருவனந்தபுரம் பூஜப்புரையிலுள்ள மத்திய சிறையில். அதன் முன்னணித் தலைவர்களுள் ஒருவரான கேளப்பனே, 1957இல் வினோபா கேரள மண்ணில் தொடங்கிய சாந்தி சேனை என்னும் அமைதிப் படைக்குத் தலைமை தாங்கினார்.

அத்தகைய அப்பியாசம் சிறைக்குள்ளும் சாத்தியமே. 1975இல் நியூயார்க் மாநிலத்தின் கிரீன் ஹேவன் சிறையில், இளங்கைதிகளை வன்முறையிலிருந்து மீட்க விரும்பிய மூத்த கைதிகள் குவேக்கர் சமயத்தாரின் உதவியை நாடியதில் பிறந்த பயிற்சி முறை, இன்று ருவாண்டா, கென்யா உள்ளிட்ட பல நாடுகளில் பரவியிருக்கிறது. நடத்துவோர் ஊதியம் பெறாத தொண்டர்கள். இரண்டு மூன்று நாட்கள் வட்டமாய் அமர்ந்திருப்பவர்கள், முதலில் தத்தம் பெயரின் முதலெழுத்திலேயே தொடங்கும் நற்குணச் சொல்லொன்றைப் பெயருக்கு முன் சூட்டிக்கொள்கிறார்கள். பல்லாண்டுகளாக வெறும் எண்ணாக அழைக்கப்பட்ட ஒருவன் 'கனிவான கண்ணன்' என்று எல்லோராலும் விளிக்கப்படும் அந்தக் கணத்தை நான் அற்பமாகக் கருதமாட்டேன். பிறகு தண்ணீர்க் குழாயடிச் சண்டையொன்றை நடித்துக் காட்டி, நடுவில் நிறுத்தி, எந்தச் சொல்லில் கோபம் மூண்டது, வேறென்ன சொல்லியிருக்கலாம் என்று ஆராய்கிறார்கள். தேர்ந்த கைதிகள் தாமே பயிற்சியாளராவது இம்முறையின் உயிர்நாடி.

இரண்டு நாட்களில் கொலையாளி திருந்திவிடுவானா என்று வினவுவோர் உண்டு. திருந்தமாட்டான், ஆதலால்தான் அடுத்தடுத்த நிலைப் பயிற்சிகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. பூஜப்புரை மத்திய சிறையில் இப்பயிற்சியை நிரந்தர ஏற்பாடாக்க வேண்டுமென்பது என் கோரிக்கை. ஆனால் எவரையும் கட்டாயப்படுத்தலாகாது. தண்டனைக் குறைப்பு என்னும் ஆசையையும் காட்டலாகாது, ஏனெனில் சலுகைக்காக வருகிறவன் நல்லவனாக நடிக்கவே கற்றுக்கொள்வான். காவலர்களும் மேற்பார்வைக்காக நிற்காமல், விரும்பினால் அதே வட்டத்தில் அமர வேண்டும். அரசாங்கம் தர வேண்டியது ஓர் அறையும் அனுமதியும் மட்டுமே. தமிழ் பேசும் கைதிகளுக்குத் தமிழிலேயே நடத்த, நாகர்கோவிலிலிருந்து தொண்டர்கள் காலை ரயிலேறி வந்து சேரலாம்.