பயிற்சியாளர் மட்டுமா காரணம்?

கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணி 2024-25 இந்தியன் சூப்பர் லீக் பருவத்தின் முதல் ஆறு ஆட்டங்களிலும் தோற்றது. பயிற்சியாளர் கார்லஸ் குவாத்ராத் இடையிலேயே விலகினார். ரசிகர்களின் விவாதமோ தற்காப்பு, வெளிநாட்டு வீரர் தேர்வு, நடுவர் தீர்ப்பு ஆகியவற்றையே சுற்றி வந்தது.

அதே குவாத்ராத்தின் பயிற்சியில்தான் 2024 ஜனவரியில் இவ்வணி சூப்பர் கோப்பையை வென்றது. எனினும் 2020இல் லீக்கில் நுழைந்தது முதல் ஐந்து பருவங்களிலும் ஒன்பதாம் இடத்துக்கு மேல் அது ஏறவில்லை. பயிற்சியாளர்கள் மாறியும் நிலை மாறவில்லையெனில், காரணத்தை மைதானத்துக்கு வெளியேயும் தேட வேண்டும். 2018, 2020, 2022 என மூன்று முறை புதிய முதலீட்டாளர்கள் வந்தனர். ஒப்பந்தப் பேச்சு நீண்டபோதெல்லாம் வீரர்களைத் திரட்டும் பணி தாமதமாயிற்று. கோப்பையைச் சில வார உழைப்பில் வெல்லலாம். லீக்கிற்குப் பல்லாண்டுத் தொடர்ச்சி தேவை.

ரசிகர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். 2021 ஜூலையில் ஒப்பந்தச் சிக்கலுக்காகக் கழக வாயிலில் திரண்டு தடியடி பட்டவர்கள் அவர்களே. பிரிவினையால் இடம்பெயர்ந்தோர் தம் அடையாளமாகக் கொண்ட கழகம் இது. அதன் ஒப்பந்த விதிகளை அறியும் உரிமையே, அடுத்த பயிற்சியாளர் யார் என்பதற்கு முன்பாக அவர்கள் எழுப்பவேண்டிய கேள்வி.