முயல் வாங்கப் போறீங்களா?



ஒரகடம் கம்பெனியில் வேலை பார்க்கும் அப்பா, சம்பள நாளில் முயல் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறாரா? மணிமங்கலம் சுட்டிகளே, கொஞ்சம் பொறுங்கள்! "இது என்ன இனம்?" என்று விற்பவரிடம் முதலில் கேளுங்கள். இனத்துக்கு இனம் தொல்லை வேறு.

பஞ்சுப்பொதி போன்ற அங்கோரா, குளிருக்கு ஏற்றது. நம் ஊர் மே மாத வெயிலில், ஷீட் கூரையின் கீழ் அதன் உயிருக்கே ஆபத்து. உடம்பை நக்கும்போது ரோமமும் வயிற்றுக்குள் போகும். முயலால் வாந்தி எடுக்க முடியாதே! குடல் அடைத்துக்கொள்ளும். அடிக்கடி சீவிவிட வேண்டும்.

காது தொங்கும் 'லாப்' முயலுக்குக் காதில் அழுக்குச் சேர்ந்து சீழ் பிடிக்கலாம். உருண்டை முகக் குள்ள முயலுக்குப் பல் கோணலாக வளரலாம். வெல்வெட் போன்ற 'ரெக்ஸ்' முயலுக்குப் பாதத்தில் ரோமம் குறைவு. கம்பித் தரையில் நின்றால் புண்ணாகும்.

கொடைக்கானல் அருகே மன்னவனூரில், மத்திய அரசின் ஆராய்ச்சி மையத்தில் 'ஒயிட் ஜெயன்ட்', 'சோவியத் சின்சில்லா' முயல்களை வளர்க்கிறார்கள். அங்கே மலைக்குளிர் துணை இருக்கிறது. இங்கே நிழல், காற்று, குளிர்ந்த தண்ணீர் எல்லாம் நீங்கள்தான் தரவேண்டும்.

எந்த இனமானாலும் முயலின் பல் ஆயுள் முழுக்க வளரும். அது தேய, தினமும் நிறையப் புல் வேண்டும். அரை நாள் எதுவும் தின்னாவிட்டால் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

அழகைப் பார்த்து ஆசைப்படலாம். பார்த்துக்கொள்ள முடிந்தால் மட்டும் வாங்கலாம். சரிதானே, செல்லங்களே?

அன்புடன்,
ஆசிரியர்