அஞ்சு டன் தொழு எரு எங்கேயிருந்து வரும்?

'மீளுருவாக்க வேளாண்மை'ன்னு இப்போ புதுசா ஒரு பேர் வந்திருக்கு. "பல்கலைக்கழகம் ஆராய்ச்சி பண்ணுது, பயிற்சியும் இலவசமா கொடுக்குது. அப்புறம் ஏன் உங்க ஆளுங்க இன்னும் யூரியா மூட்டை பின்னாடியே அலையுறாங்க?"ன்னு சென்னை நண்பர் ஒருத்தர் கேட்டார். போன்ல பாதிதான் சொல்ல முடிஞ்சது.

முதல்ல ஒண்ணு. பல்கலைக்கழகம் ரசாயனம் மட்டுமே சொல்லிக்கொடுத்துச்சுன்னு முகநூல்ல சண்டை போடுறாங்களே, அது உண்மையில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தோட பயிர் சாகுபடிக் கையேட்டைப் புரட்டிப் பாருங்க. நெல்லுக்கு எக்டேருக்கு 12.5 டன் தொழு எரு, இல்லேன்னா 6.25 டன் பசுந்தாள் உரம் போடணும்னு இருக்கு. அதாவது ஏக்கருக்கு 5 டன் எரு. பரிந்துரையில தப்பே இல்லை. அந்த 5 டன் எங்கேயிருந்து வரும்கிறதுதான் என் கேள்வி.

ஒரு மாடு நாளைக்கு 10 கிலோ சாணம் போடும்னு வச்சுக்குவோம். வருஷத்துக்கு மூணரை டன் சொச்சம். குப்பைக்குழியில மக்கி வெளியே வரும்போது அதுல பாதி தேறினா பெரிய விஷயம். ஆக ஏக்கருக்கு மூணு மாடு. மூணு ஏக்கர்காரர் ஒம்பது மாடு கட்டணும். டெல்டாவுல இன்னைக்கு எந்தத் தெருவுல ஒம்பது மாடு கட்டின வீடு இருக்கு? டிராக்டர் வந்து உழவு மாடு போச்சு. அறுப்பு மிஷின் போன வயல்ல வைக்கோலைக் கட்டாக் கட்டி லாரி ஏத்திடுறாங்க. தீவனமும் போச்சு, எருவும் போச்சு. கையேட்டுல மட்டும் அந்த வரி அப்படியே இருக்கு.

அறுப்பு மிஷின்னு சொன்னதும் உளுந்து ஞாபகம் வருது. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி, நெல் நிக்கும்போதே ஈரத்துல உளுந்தைத் தெளிச்சிடுவோம். அறுத்து முடிச்சா கீழே உளுந்து முளைச்சு நிக்கும். உழவு கிடையாது, தண்ணி கிடையாது, பனியிலேயே விளைஞ்சிடும், மண்ணுக்குத் தழைச்சத்தும் சேரும். மண்ணை மூடி வை, உழாதே, பயறு போடுன்னு இன்னைக்குப் படம் போட்டுக் காட்டுறாங்களே, அது இதுதான். ஆள் அறுத்த காலத்துல இதுக்கு ஒரு குறையும் இல்லை. மிஷின் ஏறினா முளைச்ச உளுந்து சங்கிலிச் சக்கரத்துக்கு அடியில நசுங்குது. சகதியா இருந்தா மொத்தமும் காலி. மிஷினைத் திருப்பி அனுப்ப முடியாது, அறுக்க ஆள் இல்லை. சரி, இந்த ரெண்டையும் எப்படி ஒத்துப்போக வைக்கிறதுன்னு எங்க ஊர் வயல்லயே வந்து நாலு வருஷம் உக்காந்து பாருங்கய்யா. எனக்கு வேண்டிய ஆராய்ச்சி அதுதான். ராமநாதபுரம் பக்கத்துலேர்ந்து கோடையில வர்ற கீதாரிங்க போடுற ஆட்டுக்கிடையும் அப்படித்தான். எத்தனை ஆடு, எத்தனை ராத்திரி, எந்த மண்ணுக்கு எவ்வளவு சத்துன்னு அளந்து சொன்னா, எருவுக்கு ஒரு வழி பிறக்கும்.

பயிற்சி எப்படி நடக்குதுன்னு சொல்றேன். ஒரு மண்டபம், பின்னாடி பேனர், ஒரு பவர்பாயிண்ட், கையெழுத்து வாங்க ஒரு நோட்டு, சாம்பார் சாதம், குரூப் போட்டோ. தக்கைப்பூண்டைப் பூக்குற பருவத்துல, நாப்பத்தஞ்சு நாள்ல மடக்கி உழணும்பாங்க. மேட்டூர் ஜூன் 12 திறந்தா, குறுவைக்கு முன்னாடி மடக்க ஏப்ரல் கடைசியிலேயே விதைக்கணும். கோடை மழை பெய்யணும், இல்லேன்னா போர் வேணும். ஊர் மாடும் ஆடும் அவுத்து விட்டிருக்கிற மாசம், காவலும் வேணும். இதுல எதுவும் பவர்பாயிண்ட்ல இருக்காது. சில வருஷம் பயிற்சியே ஜூலையில நடக்கும்! நடவு நடுற பொம்பளைங்க ஒருத்தரும் அந்த நாற்காலியில உக்காந்து நான் பார்த்ததில்லை.

பல்கலைக்கழகத்தால முடியாதுன்னு சொல்லலை. ஒற்றை நாற்று நடவையே எடுத்துக்குங்க. மடகாஸ்கர்ல ஒரு பிரெஞ்சு பாதிரியார் உழவர்களோட வயல்ல பார்த்துப் பார்த்து உருவாக்கினது. 2000 வாக்குல நம்ம பல்கலைக்கழகமும் சோதனை பண்ணி ஊருக்குக் கொண்டு வந்தது. 14 நாள் நாற்று, 25 சென்டிமீட்டர் இடைவெளி, ஏக்கருக்கு ரெண்டு மூணு கிலோ விதை. எங்க பக்கம் விதையைக் குறைக்கிறதையும் இளநாற்றையும் பிடிச்சுக்கிட்டாங்க. கயிறு பிடிச்சுச் சதுரமா நட ஆளுங்க கூலி கூடக் கேட்டாங்க. கோனோவீடரைக் களிமண்ணுல தள்ள முடியலை. ரெண்டையும் விட்டுட்டாங்க. இதைப் 'பாதி கடைப்பிடிப்பு'ன்னு குறை சொல்லாதீங்க. உழவன் பண்ணின ஆராய்ச்சி முடிவு அது, அதையும் எழுதி வச்சுக்குங்க. ஆந்திராவுல 2016லேர்ந்து நடக்கிற இயற்கை வேளாண்மைத் திட்டத்துல, செஞ்சு பார்த்த விவசாயியையே சம்பளம் கொடுத்து மத்தவங்களுக்குப் பயிற்சியாளரா வச்சிருக்காங்க. இங்கே அதுக்கு என்ன தடை?

மாறுற முதல் ரெண்டு மூணு வருஷம் பல வயல்ல மகசூல் இறங்கும். ஆராய்ச்சிப் பண்ணையில விளைச்சல் இறங்கினா விஞ்ஞானிக்கு அது ஒரு தகவல், சம்பளம் வந்துடும். இங்கே இறங்கினா நகை அடமானத்துக்குப் போகும். ஆராய்ச்சியை எங்க வயல்ல வைங்க, இறங்கின மூட்டைக்குக் காசு கொடுங்க. அப்போ வராத விவசாயியை அப்புறம் திட்டலாம்.

உங்களையும் ஒண்ணு கேக்கணும். இதைப் படிக்கிறவங்கள்ல பல பேருக்கு ஊர்ல நிலம் இருக்கு, குத்தகைக்கு விட்டிருக்கீங்க. 1955ஆம் வருஷக் குத்தகைச் சட்டத்துக்குப் பயந்து எழுத்துல எதுவும் கிடையாது, வாய்ப்பேச்சுதான். அடுத்த வருஷம் அந்த வயல் தன் கையில இருக்குமான்னு தெரியாதவர், மூணு வருஷம் கழிச்சு வரப்போற மண்வளத்துக்காக எதுக்குக் கடன் வாங்கித் தக்கைப்பூண்டு விதைக்கணும்? ஒரு அஞ்சு வருஷத்துக்கு எழுதிக் கொடுப்பீங்களா?